துளி மிதந்த கதை

எங்கள் அக்காள்மடத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் சில மாதங்களுக்கு முன்னால் ரத்த தான முகாம் ஒன்று நடந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அது. வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் முகாமை வைத்திருந்தார்கள். ஒரு பந்தல், நாலைந்து மடக்குக் கட்டில், ஐஸ் நிரப்பிய பெட்டிகள், தட்டு நிறையப் பிஸ்கட், பழரசம். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாத்தா, உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"அறுபத்தஞ்சோட சரி, தாத்தா. அதுக்கு மேலே எடுக்கக் கூடாதுன்னு சட்டம். எடுத்தா உங்களுக்குத்தான் தள்ளாமை வரும். நீங்க நிழல்ல உட்கார்ந்து ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எனக்கு வருத்தமில்லை. காரணத்தைச் சொல்லி அனுப்பினாளே, அதுவே பெரிய மரியாதை என்று பட்டது. ரத்தம் கொடுக்கப் போய் நான் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பப்பட்டது என் ஆயுளில் இரண்டே தடவை. இது இரண்டாவது. முதல் தடவை யாரும் காரணம் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில், கட்டாயம் என்னைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. அப்போது அனுப்பவில்லை. அந்தச் சங்கதியை இன்று வரை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. பழரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் வாசகர்கள் கொஞ்சம் பழைய கதை கேட்க வேண்டும்.

மனித உடம்பில் ரத்தம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்பதையே வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் 1628-இல்தான் புத்தகம் எழுதி நிலைநாட்டினார். அதற்கப்புறம் நாற்பது வருஷம்கூடப் பொறுக்கவில்லை. பாரிஸ் நகரத்தில் ழான் பத்தீஸ்த் தெனி என்ற டாக்டர், 1667-இல், காய்ச்சலில் கிடந்த ஒரு பையனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். பையன் பிழைத்துக்கொண்டது அவனுடைய அதிர்ஷ்டம். தெனிக்குத் தைரியம் வந்துவிட்டது. புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்த ஒருவனுக்குக் கன்றுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். கன்று சாதுவான பிராணி. அதன் ரத்தம் உள்ளே போனால் அவனும் சாதுவாகிவிடுவான் என்பது எண்ணம். அவன் சாதுவாகத்தான் ஆனான். கடைசியில் இறந்தே போனான். வழக்கு நடந்தது. டாக்டர் மேல் குற்றமில்லை, மனைவிதான் பாஷாணம் வைத்தாள் என்ற சந்தேகத்தில் முடிந்தது. ஆனாலும் பிரான்ஸில் இந்த விளையாட்டே வேண்டாம் என்று தடை போட்டுவிட்டார்கள். அப்புறம் சுமார் 150 வருஷம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுபடியும் ஆரம்பித்தவர் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்பவர். அவர் பிரசவ வைத்தியர். பிள்ளை பெற்ற கட்டிலிலேயே ரத்தம் போய்ப் போய்ப் பெண்கள் கண் முன்னால் சாவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், மனிதனுக்கு மனித ரத்தம்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, 1818-இல் முயற்சியைத் தொடங்கினார். பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேர்தான் தேறினார்கள். மற்றவர்கள் ஏன் இறந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் 'ஏன்' தெரிய இன்னும் எண்பது வருஷம் பிடித்தது. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தம்முடைய ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, சில கலப்புகள் திரிந்து கட்டி கட்டியாகப் போவதையும் சில அப்படியே இருப்பதையும் கண்டு, ரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901-இல் எழுதினார். அடுத்த வருஷம் நாலாவது வகையும் தெரிந்தது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் தேதியைத்தான் 2004 முதல் உலக ரத்த தான தினம் என்று கொண்டாடுகிறார்கள். எங்கள் கரையில் தடைக்காலம் முடிகிற நாளும் அதுவே. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது; எனக்கு மட்டும் வருஷா வருஷம் அது ஞாபகம் வரும்.

அப்புறம் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் உப்புச் சேர்க்கலாம் என்று 1914-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார்கள். கொடுப்பவனும் வாங்குபவனும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டிய அவசியம் அதோடு போயிற்று. 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற டாக்டர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்து, அதற்கு 'ரத்த பாங்கி' என்று பேர் வைத்தார். பேர் நிலைத்துவிட்டது. போட்டவன்தான் எடுக்கலாம் என்ற பாங்கி விதி மட்டும் அங்கே செல்லாது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் இருக்கிறது அக்காள்மடம். அக்காள் ஒருத்தி, தங்கை ஒருத்தி, இருவர் பேரிலும் சேது யாத்திரை போகிறவர்களுக்கு மடம் இருந்ததாகவும், அதனால் ஊர்களுக்கு இந்தப் பேர் வந்ததாகவும் சொல்வார்கள். தீவிலிருந்து கரைக்குப் போக 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் வழி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனபோது அந்தப் பாலமும் முறிந்து, 46 நாளில் செப்பனிட்டு ரயில் விட்டார்கள். மோட்டார் போகும் பாலம் 1988 அக்டோபரில்தான் வந்தது. நான் சொல்லப்போவது 1974-இல், ஐப்பசி மாதத்தில் நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது.

என் அத்தைக்கு வீட்டில் பிரசவம். ஆண் குழந்தை. மருத்துவச்சி சர்க்கரை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உதிரம் நிற்கவில்லை என்று தெரிந்தது. விட்டு விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அத்தையைப் படுக்க வைத்துப் பாம்பன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். ரயிலும் வந்து நின்றது. ஆனால் புறப்படவில்லை. காற்றுப் பலமாக அடித்தால் ரயிலைப் பாலத்தில் விடமாட்டார்கள். 1964-இல் பாசஞ்சர் ரயிலோடு ஜனங்கள் கடலுக்குள் போன பிறகு யார் விடுவார்கள்? அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைப் பெட்டியில் கண்மூடிக் கிடக்கும் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியவில்லை. இரண்டு கிலோமீட்டர்த் தண்ணீர். எதிரே மண்டபம் கரை கண்ணுக்குத் தெரிகிறது. மாமா பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். மூன்று மணி நேரம் கழித்துக் காற்றுத் தணிந்து ரயில் ஊர்ந்தது.

கரையில் ஒரு ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பேர் வேண்டாம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் யார் இருக்கிறீர்கள்?" என்றாள். மாமாவின் ரத்தம் வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. சிறு வயதில் என்னைத் தூக்கி வளர்த்தவள் அத்தை.

அங்கே ஒரு கண்ணாடிக் குவளையில் அழகான நீலத் தண்ணீர் வைத்திருந்தார்கள். கம்பவுண்டர் போன்ற ஒருவர் என் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விட்டார். சொட்டு கொஞ்சம் இறங்கியது, தயங்கியது, பிறகு மேலே வந்து மிதந்தது. அவர் குவளையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீ போப்பா. உடம்பு பத்தாது."

"ஏன் சார்? என்ன சார்?"

"பத்தாதுன்னா பத்தாது. வெளியே போ."

அவ்வளவுதான். நான் வெளியே வந்து மாமாவிடம், "என்னை வேண்டாங்கிறாங்க மாமா" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு வார்த்தையில்லை. பயந்து ஓடி வந்துவிட்டேன் என்று அவர் நினைத்தாரோ என்ற சந்தேகம் எனக்குப் பல வருஷம் இருந்தது.

நீலத் தண்ணீரின் ரகசியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அது மயில்துத்தக் கரைசல். நல்ல ரத்தத்தின் கனத்துக்குச் சமமாக அதைக் கரைத்து வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் துளி பதினைந்து விநாடிக்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குறைவாக இருந்தால் மிதக்கும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வகுத்த முறை; தராசு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். என் துளி ஏன் மிதந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. மணலில் செருப்பில்லாமல் நடந்து நடந்து கால் வழியாக ஏறிய கொக்கிப் புழு குடலில் குடியிருந்து என் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. வேறொரு டாக்டர் இரண்டு வருஷம் கழித்து நாலு மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்துச் சரி செய்தார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் முந்திச் சரியாகியிருக்கும்.

அத்தைக்கு யார் ரத்தம் கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒல்லி. கண்ணில் மஞ்சள் ஓடியிருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அது பிற்பாடு மனம் சேர்த்துக்கொண்ட சித்திரமாகவும் இருக்கலாம். மாமா இடுப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்தார். அவருடைய துளியை நீலத் தண்ணீரில் யாரும் விட்டுப் பார்க்கவில்லை. "இவரு வழக்கமாக் கொடுக்கிறவரு" என்றார் கம்பவுண்டர். அத்தை பிழைத்தாள். இரண்டு மாதம் கழித்து மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். எழுந்து நடமாடினாள், ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. கல்லீரல் சுருங்கி, வயிறு வீங்கி, 1991-இல் கண்ணை மூடினாள். அந்தப் பாட்டிலால் வந்த வினைதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதே எனக்கு உறுத்தல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தனி ஆள் இல்லை. நம் தேசத்தில் அவரைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். யுத்த காலத்தில், 1942-இல், கல்கத்தாவில் முதல் ரத்த பாங்கியைத் திறந்தபோது ஜனங்கள் தேசத்துக்காகவும் சிப்பாய்களுக்காகவும் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, கொடுக்கிற கையும் மடங்கியது. ஆஸ்பத்திரிகள் விலைக்கு வாங்க ஆரம்பித்தன. பம்பாயில் லீலா மூல்காவ்கர் என்ற அம்மையார் 1954 முதல் விடாமல் இலவச தானத்துக்குப் பாடுபட்டார். ஆனால் விற்பவனுக்குப் பசி, வாங்குபவனுக்கு அவசரம். இரண்டுக்கும் நடுவில் பிரசங்கம் எவ்வளவு தூரம் எடுபடும்?

விலைக்கு வாங்கும் ரத்தத்தில் இருக்கும் கெடுதலை இங்கிலாந்தில் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பேராசிரியர் 1970-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அவர் வாதம் எளியது. சும்மா கொடுக்க வருகிறவனுக்குத் தன் வியாதியை மறைக்க முகாந்திரமில்லை. காசுக்கு வருகிறவன் மறைத்தே ஆக வேண்டும். உண்மையைச் சொன்னால் அன்றைய சாப்பாடு போய்விடும். காமாலைக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1965-இல் கண்டிருந்தார். 1976-இல் நோபல் பரிசும் பெற்றார். சி வகைக் காமாலைக் கிருமி 1989 வரை யாருக்கும் தெரியாது. நம் நாட்டில், எச்.டி. ஷௌரி தொடங்கிய 'காமன் காஸ்' என்ற பொதுநல ஸ்தாபனம் வழக்குப் போட்டு, சுப்ரீம் கோர்ட் 1996 ஜனவரியில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்கும் தொழில் தடை செய்யப்பட்டது. அத்தை அப்போது இல்லை.

டிட்மஸ் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஒரு சின்ன இடம் மட்டும் உண்மையில்லை. காசு வாங்காமல் கொடுக்கிறவனும் பொய் சொல்லுவான். எனக்குத் தெரியும், சொன்னவன் நான்.

எங்கள் தீவு மணல் பூமி. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் ஊறும். தென்னம்பிள்ளைக்கு ஊற்றுவதற்காகத் தோப்புக்குத் தோப்புக் குழி தோண்டி வைத்திருப்பார்கள். மலேரியாக் கொசு சாக்கடையைத் தேடாது. தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிரியம். ஆகையால் தென்னையும் வளர்ந்தது, கொசுவும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் மலேரியா லேசில் விட்டுப் போகாத இடங்களில் எங்கள் கடற்கரையும் ஒன்று. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டது 1897-இல், நம் செகந்திராபாத்தில். அந்தக் கிருமி கொசு இல்லாமலும் பிரயாணம் செய்யும். ரத்தப் பாட்டிலில் ஏறிக்கொண்டு, குளிர்பெட்டியில் பல நாள் உயிரோடு இருந்து, இன்னொருவர் உடம்பில் போய் இறங்கும். இன்றைக்கு நம் நாட்டு விதிப்படி மலேரியா வந்தவன் பூரணமாகக் குணமாகி மூன்று மாதம் ஆகும் வரை ரத்தம் கொடுக்கக் கூடாது.

1985-இல் எனக்கு நடுக்கல் காய்ச்சல் வந்தது. குளோரோகுவின் மாத்திரை விழுங்கி ஐந்தாறு நாளில் எழுந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து என் சிநேகிதர் ஒருவருடைய பெண்ணுக்கு ஆபரேஷன். நான் போய் நின்றேன். இந்தத் தடவை துளி கல் மாதிரி அடியில் போய் விழுந்தது. எனக்கு ஏதோ பரீட்சையில் தேறிய சந்தோஷம். பிறகு ஒரு டாக்டர், இளம் வயசுக்காரர், கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். காமாலை உண்டா? இல்லை. ஆபரேஷன் உண்டா? இல்லை. "மலேரியாக் காய்ச்சல், சமீபத்திலே?"

ஒரு நிமிஷம் தயங்கினேன். நீலக் குவளையும், 'வெளியே போ'வும், மாமாவின் முகமும் மனத்தில் வந்து நின்றன. வராந்தாவில் சிநேகிதர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"இல்லை" என்றேன்.

எடுத்துக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். சிநேகிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என் ரத்தம் அவர் பெண்ணுக்குத் தேவைப்படாமலே ஆபரேஷன் முடிந்தது என்றும், அது பாங்கியிலேயே இருக்கும், வேறு யாருக்காவது உபயோகப்படும் என்றும் மறுநாள் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பிப் பத்தாம் நாள் எனக்கு மறுபடியும் குளிர்க் காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கம் சாதாரணமாக வரும் மலேரியாவுக்கு அந்தக் குணம் உண்டு. குளோரோகுவின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். கல்லீரலில் ஒளிந்திருப்பவை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தூங்கிவிட்டுத் திரும்ப வரும். அதற்குப் பிரைமாகுவின் என்ற வேறு மாத்திரை பதினாலு நாள் சாப்பிட வேண்டும். நான் சாப்பிடவில்லை. நான் கொடுத்த அன்றைக்கு என் ரத்தத்தில் கிருமி இருந்ததா, இல்லையா? இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபோது நான் செய்ய வேண்டியிருந்த காரியம் ஒன்றே ஒன்று. அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போடுவது. எழுதினேன். விலாசமும் எழுதினேன். இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற வெட்கம். சிநேகிதருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். மூன்றாம் நாள் கிழித்துப் போட்டுவிட்டேன். என் ரத்தம் எந்தக் கட்டிலுக்குப் போயிற்று, அந்தக் கட்டிலில் யார் படுத்திருந்தார்கள், அவர்களுக்குக் குளிர் கண்டதா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. பிற்காலத்தில் உண்மையைச் சொல்லி, ஒழுங்காக நாலைந்து தடவை கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த வருஷமே, மலேரியாவைக் காட்டிலும் பயங்கரமான ஒன்று சென்னையில் வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் மேற்பார்வையில் நிர்மலா என்ற ஆராய்ச்சி மாணவி, அரசாங்கக் காப்பு இல்லத்தில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்து, 1986 பிப்ரவரியில், கணவரோடு ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. மே மாதம் சுகாதார மந்திரி சட்டசபையில் அறிவித்தார். தானம் வரும் ஒவ்வொரு பாட்டிலையும் அந்தக் கிருமிக்காகச் சோதித்தே ஆக வேண்டும் என்று 1989-இல் விதி வந்தது.

விதி வந்தது, சோதனையும் வந்தது. பாட்டிலைச் சோதித்துவிட்டு, தவறு கண்டால் ஒதுக்கிவிடலாம். அதைக் கொடுத்த மனிதனிடம் போய்ச் சொல்ல வேண்டுமே, அதை யார் செய்வது?

2018-இல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகை. துளி மிதக்கிற ஜாதி, என்னைப் போல. டிசம்பர் 3-ஆம் தேதி அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த பாங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எய்ட்ஸ் கிருமி இருந்தது. கொடுத்தவன் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளை. இருபது வயதுகூட நிரம்பாதவன். சொந்தக்காரர் ஒருவருக்காக நவம்பர் 30-ஆம் தேதி ரத்தம் கொடுத்திருக்கிறான். காசுக்கு அல்ல. 2016-இலேயே அவன் ஒரு முகாமில் கொடுத்த ரத்தத்தில் கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. ரத்தத்தை ஒதுக்கினார்கள். ஆனால் செய்தி அவனிடம் போய்ச் சேரவில்லை. இரண்டு வருஷம் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நடமாடியவன், மறுபடியும் நல்ல காரியம் என்று நினைத்துக் கையை நீட்டினான். இரண்டாம் தடவை சோதனையும் தவறிப் போயிற்று.

வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகத் தனியாரிடம் ரத்தம் சோதித்தபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அந்தப் பிள்ளை என்ன செய்தான்? நான் செய்ததைச் செய்யவில்லை. நேரே ரத்த பாங்கிக்குப் போய், 'நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்று சொன்னான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. ஒரு பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் தன்னால் இப்படி ஆயிற்றே என்ற எண்ணத்தை அவனால் தாங்க முடியவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள முயன்று, அந்த டிசம்பர் 30-ஆம் தேதி மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்க அவன் இல்லை.

பத்திரிகையில் அவன் படத்தைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் தலையணைக்கு அடியில் கிடந்த கார்டு என் கண் முன்னால் நின்றது. உண்மையைச் சொன்ன பிள்ளை போய்விட்டான். சொல்லாத கிழவன் நான் இருக்கிறேன்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு விசாரணை, சஸ்பெண்டு, கோர்ட், நஷ்ட ஈடு எல்லாம் நடந்தன. ரத்த பாங்கிகளில் கெடுபிடி கூடியது. எதிர்க்கரையான இலங்கையைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்கு எண்ணம். 2014-இல் உலக ரத்த தான தினத்தைக் கொழும்பில்தான் நடத்தினார்கள். பிரசவத்தில் சாகும் தாய்மாரைக் காப்பாற்றப் பத்திரமான ரத்தம் என்பதுதான் அந்த வருஷத்து விஷயம். பிளண்டெல் கவலைப்பட்ட அதே விஷயம். எங்கள் அத்தையின் விஷயம்.

பந்தலில் நான் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு வாலிபன் முன்னேறினான். கறுத்து, நல்ல தோள். வலை இழுத்துக் காய்த்த கை. ரத்தம் கொடுத்தால் கடலுக்குப் போகிற தெம்பு போய்விடும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். உடம்பில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர். எடுப்பது 350 மில்லி. அன்று ஒரு நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். அவனுடைய தாயார் அதெல்லாம் கேட்டிருக்கமாட்டாள் போலிருக்கிறது. வேலிக்கு அப்பால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவன் அதைப் பொருட்படுத்தாமல் விரலை நீட்டினான். நர்ஸ் பெண் துளியை நீலத் தண்ணீரில் விட்டாள்.

துளி மிதந்தது.

"எடுக்க முடியாதுப்பா" என்றாள். கூட வந்த பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இவ்வளவு மீன் தின்னும் ரத்தமில்லையாடா?" என்று ஒருவன் கேட்டான். வாலிபன் முகம் சிவந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வெளியே நடந்தான். நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, ஏன்னு கேட்டியா?"

"என்னத்தக் கேக்குறது, தாத்தா. வேண்டாம்னுட்டாங்க."

"போய்க் கேளு. நானும் வர்றேன்."

இருவரும் திரும்பிப் போனோம். நர்ஸ் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. கூட்டத்தில் சொல்ல விட்டுப் போயிற்று என்றாள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே சொன்னாள்: ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் புழு இருக்கிறதா, மலேரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாத்திரை கொடுப்பார்கள், மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு வந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள்.

அவன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான்.

"சிஸ்டர், தடை முடிஞ்சதும் கடலுக்குப் போகலாமில்ல?"

"தாராளமாப் போ. மாத்திரையை வீட்டிலே மறந்து வச்சிட்டுப் போயிடாதே."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில், செல்போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் நின்ற தாயாரிடம் போனான். அவள் என்ன என்று கேட்பதும், அவன் மறுபடியும் காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுவதும் பந்தலிலிருந்து எனக்குத் தெரிந்தது.